பிட்டுக்குப் பறக்கும் படை, ஆய்வேட்டுக்கு?

டெல்டாவில் சம்பா வயல்கள் களையெடுப்பில் இருக்கும் நவம்பரில்தான் கல்லூரிகளில் செமஸ்டர் தேர்வும் வரும். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர் என்று எந்த ஊர்க் கல்லூரியை எடுத்துக்கொண்டாலும் அந்த நாட்களின் ஏற்பாடு ஒன்றுதான்: அறைக்கு ஒரு கண்காணிப்பாளர், வாசலில் சோதனை, செல்போனுக்குத் தடை, எந்த நிமிடமும் உள்ளே நுழையக்கூடிய பறக்கும் படை. இடுப்பில் செருகிய மைக்ரோ ஜெராக்ஸோ உள்ளங்கையில் எழுதிய சூத்திரமோ சிக்கினால் அந்த மாணவரின் அன்றைய தாள் போயிற்று. சில நேரம் அந்தப் பருவத்தின் எல்லாத் தாள்களும் சேர்ந்து போகும். ஏப்ரலில், அதே மாதிரி ஒரு கல்லூரிக்கு, ப்ராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கிய முதுகலை ப்ராஜெக்ட் ஒன்று தங்க எழுத்துப் பொறித்த கெட்டி அட்டையோடு வந்து சேரும். கையெழுத்தும் விழும், மதிப்பெண்ணும் விழும். தேர்வு முறைகேட்டைத் தடுக்க நம் பல்கலைக்கழகங்கள் எதுவும் செய்வதில்லை என்று யாரும் சொல்ல முடியாது, நிறையவே செய்கின்றன. செய்வதெல்லாம் ஆளைப் பிடிக்கும் வேலை. எழுதியவரை எதிரில் உட்காரவைத்து, எழுதியது அவருடையதுதானா என்று கேள்வி கேட்டுத் தெரிந்துகொள்ளும் வேலை, ஆசிரியர் மட்டுமே செய்யக்கூடிய வேலை, மெல்ல மெல்லக் கைநழுவிவிட்டது. நேர்மையை மீட்க வேண்டுமானால் முதலில் மீட்க வேண்டியது அதைத்தான் என்பது என் வாதம்.

பிடிபட்ட பிறகு என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ஹால் டிக்கெட்டையும் விடைத்தாளையும் பறிமுதல் செய்வார்கள். 'நான் செய்தது தவறு' என்று ஒரு கடிதம் எழுதி வாங்குவார்கள். பதற்றத்தில் நடுங்கும் கை எழுதும் அந்தக் கடிதமே பிறகு முதன்மைச் சாட்சியாகிவிடும். சில வாரங்கள் கழித்து ஒரு குழு கூடி, பட்டியலைப் பார்த்துத் தண்டனையைக் குறிக்கும். மாணவரின் பேச்சைக் கேட்பது பல நேரங்களில் வெறும் சம்பிரதாயம். சட்டம் இப்படிச் சொல்லவில்லை. உத்தரப் பிரதேச இடைநிலைக் கல்வி வாரியம் எதிர் கன்ஷ்யாம் தாஸ் குப்தா வழக்கில், 1962-லேயே உச்ச நீதிமன்றம், தேர்வரின் தரப்பைக் கேட்காமல் அவர் முடிவை ரத்து செய்யக் கூடாது என்று தீர்ப்பளித்துவிட்டது. 1970-ல் பீகாரில் ஒரு தேர்வு மையமே மொத்தமாகக் காப்பி அடித்த வழக்கில், மையம் முழுவதன் தேர்வையும் ரத்து செய்யும்போது ஒவ்வொருவரையும் தனித்தனியாக விசாரிக்கத் தேவையில்லை என்றது. 1991-ல் மகாராஷ்டிர வாரியம் தொடர்பான வழக்கில், குற்றவியல் நீதிமன்றம் கேட்கும் அளவுக்கு ஐயமற்ற நிரூபணம் இங்கே வேண்டாம், நிகழ்ந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும் என்றது. மூன்றையும் சேர்த்துப் படித்தால் ஒரு தெளிவான வழி கிடைக்கிறது: நிறுவனத்துக்குச் சுமக்க முடியாத நிரூபணச் சுமை இல்லை, ஆனால் தனி ஒரு மாணவரைத் தண்டிப்பதற்கு முன் அவரைக் கேட்டே ஆக வேண்டும். கேட்பதைக் கருணை என்று நினைக்கிறார்கள். அது கடமை.

அந்தக் கடமை தவறும்போது மதிப்பெண் மட்டும் போவதில்லை. 2017 நவம்பரில் சென்னைப் புறநகரில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில், தேர்வில் காப்பி அடித்ததாகச் சொல்லி அறையிலிருந்து வெளியேற்றப்பட்ட மாணவி ஒருவர் விடுதி அறையில் உயிரை மாய்த்துக்கொண்டார். அன்றிரவு வளாகம் கலவரமானது. அந்தப் பெண் குற்றம் செய்தாரா இல்லையா என்பது இங்கே இரண்டாம் கேள்வி. பதினெட்டு வயதுப் பிள்ளையைப் பிடித்த நிமிடத்திலிருந்து வீடு போய்ச் சேரும்வரை அவரோடு ஒரு ஆசிரியர் உட்கார்ந்திருக்க வேண்டும் என்ற விதி எத்தனை கல்லூரிகளின் தேர்வுக் கையேட்டில் இருக்கிறது? சோதனை செய்வது எப்படி என்று பக்கம் பக்கமாக எழுதத் தெரிந்த நிர்வாகத்துக்கு இந்த ஒரு வரியை எழுதுவது கடினமல்ல.

இனி மேல்தளத்துக்கு வருவோம். பல்கலைக்கழக மானியக் குழு 2018 ஜூலையில் கருத்துத் திருட்டைத் தடுக்கும் விதிமுறைகளை வெளியிட்டது. ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒத்திருப்பது 10 சதவீதம் வரை என்றால் தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால் 6 மாதத்துக்குள் திருத்திக் கொடுக்கலாம். 40-க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய ஆய்வேட்டைத் தர முடியாது. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. துறை அளவில் மூவர் குழு, அதில் துறைக்கு வெளியிலிருந்து ஒரு மூத்த ஆசிரியர், 45 நாளுக்குள் முடிவு என்று விசாரணை முறையையும் அந்த விதி வகுத்தது. கவனித்துப் பார்த்தால், பிட்டு வைத்திருந்த இளங்கலை மாணவருக்குக் கிடைக்காத படிநிலையும் நிதானமும் ஆய்வாளருக்குக் கிடைத்திருக்கின்றன. அதை நான் குறை சொல்லவில்லை. கீழே இருப்பவருக்கும் அதே நிதானம் வேண்டும் என்கிறேன். குறை வேறிடத்தில் இருக்கிறது. விதி வகுத்த குழு பின்னுக்குப் போய், மென்பொருள் காட்டும் சதவீதமே தீர்ப்பாகிவிட்டது. 'எவ்வளவு வந்திருக்கு?' என்பதுதான் ஆய்வு மாணவர்கள் ஒருவரையொருவர் கேட்கும் கேள்வி. எண் 10-க்குக் கீழே இறங்கும்வரை சொற்களை மாற்றி மாற்றிப் போடுவதே ஒரு தொழிலாகிவிட்டது.

தமிழில் எழுதப்படும் ஆய்வேடுகளுக்கு இந்த எண் இன்னும் குறைவாகவே பொருள்படும். 1981-ல் தஞ்சையில் தமிழுக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் எழுந்தது. டெல்டாக் கல்லூரிகளின் தமிழ்த்துறைகளிலிருந்தும் ஆய்வேடுகள் தொடர்ந்து வருகின்றன. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பக்கம் திரையில் தமிழாகத் தெரிந்தாலும் கணினிக்குள் ஆங்கில எழுத்துகளின் குவியலாகத்தான் கிடக்கும். யூனிகோடில் இருக்கும் அதே பத்தியோடு அதை ஒப்பிடும் மென்பொருள், இரண்டும் வெவ்வேறு என்றே சொல்லும். அச்சுப் புத்தகமாக மட்டும் இருக்கும் பழைய ஆய்வுகளை அது பார்த்ததே இல்லை. ஆங்கிலக் கட்டுரையை வரிக்கு வரி தமிழாக்கிவிட்டால் சொல் ஒப்புமைக்கு அகப்படாது. இவை அனைத்தையும் பிடிக்கக்கூடியவர், அந்தத் துறையில் படித்துப் பழகிய ஒரு நெறியாளர் மட்டுமே. 'இந்த வாதத்தை எங்கே எடுத்தாய்?' என்று அவர் ஒரு கேள்வி கேட்டால் போதும். வாய்மொழித் தேர்வு என்று ஒன்று முனைவர் பட்டத்துக்கு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் பல இடங்களில் அது பொன்னாடை போர்த்துவதற்கும் புகைப்படத்துக்கும் உரிய விழாவாக மாறிவிட்டது. கேள்விகள் முன்பே தெரியும், பாராட்டுரைகளும் முன்பே தெரியும்.

இயந்திரத்தின் கையில் தீர்ப்பைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு ஒருமுறை அனுபவித்திருக்கிறது. பெருந்தொற்றுக் காலத்தில், 2021 பிப்ரவரியில், அண்ணா பல்கலைக்கழகம் செயற்கை நுண்ணறிவுக் கண்காணிப்போடு இணையவழித் தேர்வை நடத்தியது. வீட்டில் உட்கார்ந்து எழுதிய மாணவர்களின் முகத்தையும் சத்தத்தையும் கேமரா கவனித்தது. முறைகேடு என்ற ஐயத்தில் ஏராளமானோரின் முடிவுகள் நிறுத்தி வைக்கப்பட்டன. ஒரே அறை கொண்ட வீட்டில், பின்னால் தம்பி நடமாட, மின்சாரமும் சிக்னலும் வந்து வந்து போக எழுதிய கிராமத்துப் பிள்ளைக்கும், உண்மையிலேயே பக்கத்தில் ஆள் வைத்து எழுதியவருக்கும் இடையில் கேமராவால் எப்படி வேறுபாடு காண முடியும்? மே மாதம் புதிய அரசின் உயர்கல்வி அமைச்சர் பொன்முடி மறுதேர்வு அறிவிக்கும் நிலை வந்தது. சாட்ஜிபிடி வந்த பிறகு அதே கதை வேறு உருவில் திரும்புகிறது. இயந்திரம் எழுதியதைக் கண்டுபிடிப்பதற்கென ஓபன்ஏஐ நிறுவனமே வெளியிட்ட கருவியை, துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் அந்த நிறுவனமே விலக்கிக்கொண்டது. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் எழுதிய 91 டோஃபல் கட்டுரைகளை இப்படிப்பட்ட ஏழு கருவிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். மனிதர் எழுதிய அந்தக் கட்டுரைகளில் சராசரியாக 61 சதவீதத்தை இயந்திரம் எழுதியது என்று அவை முத்திரை குத்தின. எளிய சொற்களில், பழகிய வாக்கிய அமைப்பில் எழுதுவதே குற்றமாகப் பார்க்கப்பட்டது. தமிழ் வழியில் படித்துவிட்டுக் கல்லூரியில் ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கும் திருத்துறைப்பூண்டி மாணவர் எப்படி எழுதுவார்? அப்படித்தான் எழுதுவார். அவர் நேர்மையை இந்தக் கருவியிடம் ஒப்படைப்பது அநியாயம்.

வேறு வழி இருக்கிறதா என்று கேட்பவர்களுக்கு இந்த மண்ணிலேயே ஒரு பழைய வழக்கு இருக்கிறது. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் 1904-ல் உதவித்தொகையோடு சேர்ந்த ராமானுஜன், கணிதம் தவிர மற்ற பாடங்களில் தேறாமல் அந்த உதவித்தொகையை இழந்தார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியிலிருந்து எழுதிய எஃப்.ஏ. தேர்விலும் தோற்றார். 1910-ன் இறுதியில், பட்டமில்லாத அந்த இளைஞர் நோட்டுப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நெல்லூர் ஆட்சியர் ராமச்சந்திர ராவைப் பார்க்கப் போனார். இந்தியக் கணிதக் கழகத்தின் செயலாளரான ராவுக்கு எழுந்த முதல் ஐயம், இவையெல்லாம் இந்தப் பையன் சொந்தமாகக் கண்டவைதானா என்பதுதான். இன்றைய மொழியில் சொன்னால், அது ஒரு கருத்துத் திருட்டு ஐயம். ராவ் அவரை விரட்டவில்லை, யாரிடமும் சதவீதம் கேட்கவில்லை. பேசவிட்டார். நீள்வட்டத் தொகைகள், மீப்பெருக்குத் தொடர்கள், விரியும் தொடர்கள் என்று ராமானுஜன் விளக்கிக்கொண்டே போக, ஐயம் கரைந்தது. மாதம் 25 ரூபாய் உதவியும் கிடைத்தது. 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜுக்குப் போன கடிதத்தைப் பார்த்த கணித அறிஞர் ஹார்டிக்கும் இது மோசடியோ என்ற எண்ணம் வந்து போனது. அவரும் சக அறிஞர் லிட்டில்வுட்டும் உட்கார்ந்து வாய்பாடுகளையே படித்துப் பார்த்துத்தான் முடிவுக்கு வந்தார்கள். பிறகு நிரூபணங்களைக் கேட்டு எழுதினார்கள். இரண்டு இடத்திலும் நேர்மையைச் சோதித்த முறை ஒன்றே: விஷயம் தெரிந்தவர், செய்தவரிடம், செய்ததைப் பற்றிக் கேட்டார். ராமானுஜன் மேதை, அவரைச் சாதாரண மாணவரோடு ஒப்பிடலாமா என்று கேட்கலாம். மேதைமையைக் கண்டறிய அந்த உரையாடல் உதவியது என்பதை விட, திருடனா இல்லையா என்பதைத் தீர்க்க உதவியது என்பதே இங்கே முக்கியம். பி.காம் மூன்றாமாண்டு மாணவியின் ப்ராஜெக்டுக்கும் அது பொருந்தும். தான் நடத்திய கள ஆய்வில் எத்தனை கடைகளுக்குப் போனார், யார் பதில் சொல்ல மறுத்தார், ஏன் இந்த அட்டவணையில் இந்த எண் வந்தது என்று ஐந்து நிமிடம் கேட்டால் வாங்கியதா, செய்ததா என்பது வெளிப்பட்டுவிடும்.

மேற்கோள் காட்டுவது மேற்கத்திய இறக்குமதி, நம் மரபு குருவின் வாக்கை அப்படியே திருப்பிச் சொல்வதுதான் என்று சிலர் வாதிடுகிறார்கள். கல்லூரி ஆசிரியர்களே இதைச் சொல்லக் கேட்பது வருத்தம் தருகிறது. நன்னூல் ஒரு நூலின் சிறப்புப் பாயிரத்தில் சொல்ல வேண்டியவற்றைப் பட்டியலிடும்போது, ஆக்கியவர் பெயரை அடுத்து அந்த நூல் எந்த வழியில் வந்தது என்பதையும் சேர்க்கிறது. உ.வே.சாமிநாதையர் 1880 முதல் 1903 வரை ஆசிரியராக இருந்தது அதே கும்பகோணம் கல்லூரியில்தான். அங்கிருந்தபடியே அவர் பதிப்பித்த சீவக சிந்தாமணி 1887-லும், புறநானூறு 1894-லும் வெளிவந்தன. எந்த ஏட்டுப் பிரதி யாரிடமிருந்து வந்தது என்று அவர் தம் முகவுரைகளில் பெயர் சொல்லி எழுதினார். பாடபேதங்களைப் பதிவு செய்தார். இதைவிடக் கறாரான மூலக் குறிப்பு எந்த நாட்டில் கற்றுக்கொடுக்கப்படுகிறது? மரபு இருக்கிறது; வகுப்பறையில்தான் இல்லை. இளங்கலை மூன்று ஆண்டுகளில், அடுத்தவர் சொன்னதை எப்படிக் குறிப்பிடுவது என்று ஒரு மணி நேரம்கூடச் சொல்லித்தராமல், முதுகலையில் ப்ராஜெக்டும் பிறகு ஆய்வேடும் கேட்கிறோம்.

சொல்லித்தராமல் விட்டது மட்டுமா? எதிரானதையும் சொல்லித்தருகிறோம். அறிவியல் மாணவரின் ரெக்கார்டு நோட்டைப் பாருங்கள். சீனியர் நோட்டை வாங்கி அப்படியே எழுதி, படம் வரைந்து, கையெழுத்து வாங்க வரிசையில் நிற்பது பல கல்லூரிகளில் வழக்கம். ஆய்வகத்தில் கருவி பழுதாகியிருந்தாலும் நோட்டில் அளவீடு சரியாக வந்திருக்கும். ஆசிரியருக்குத் தெரியும், மாணவருக்கும் தெரியும். பாரதிதாசன் பல்கலைக்கழகக் கல்லூரிகளில் பரவலாக இருக்கும் பாடமுறையில் 100-க்கு 25 மதிப்பெண் அக மதிப்பீடு. அசைன்மென்ட்டும் செமினாரும் அதற்குள்தான் வருகின்றன. வகுப்பில் 60 பேருக்கு ஒரே தலைப்பில் அசைன்மென்ட் கொடுத்து, 60 பேரும் ஒரே கைடு புத்தகத்திலிருந்து எழுதியதை எடை பார்த்து மதிப்பெண் போடும்போது, காப்பி அடிப்பது தவறல்ல, தேர்வறையில் சிக்குவதுதான் தவறு என்ற பாடம் மாணவர் மனதில் பதிகிறது. தலைமதகில் திறக்காத தண்ணீரைக் கடைமடையில் நின்று தேடுவது போலத்தான், பறக்கும் படை அறைக்குள் நேர்மையைத் தேடுகிறது.

இதற்கு வலுவான மறுப்புகள் உண்டு. முதலாவது, நேரம். ஆசிரியர் எங்கே இருக்கிறார் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. தமிழ்நாட்டு அரசுக் கலைக் கல்லூரிகள் 7,000-க்கும் மேற்பட்ட கௌரவ விரிவுரையாளர்களை நம்பித்தான் நடக்கின்றன. நிரந்தரப் பணி இல்லாத ஒருவர், மாணவரின் ப்ராஜெக்ட் வாங்கியது என்று துணிந்து எழுதுவதற்கும் பாதுகாப்பு வேண்டும். காலிப் பணியிடங்களை நிரப்பாமல் நேர்மையைப் பற்றிப் பேசுவது அரசுக்குப் பொருந்தாது. ஆனாலும் எல்லோரையும் எல்லாவற்றிலும் கேட்க வேண்டியதில்லை. 60 அசைன்மென்ட்டுகளில் குலுக்கி எடுத்த பத்து பேரிடம் ஐந்து நிமிடம் கேட்பதற்கு ஒரு வகுப்பு நேரம் போதும். யாரைக் கேட்பார்கள் என்று முன்கூட்டியே தெரியாததால் 60 பேரும் தயாராகத்தான் வருவார்கள்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. ஆசிரியர் கையில் தீர்ப்பைக் கொடுத்தால் சாதி பார்ப்பார், வேண்டியவர் வேண்டாதவர் பார்ப்பார். இயந்திரம் அப்படிப் பார்க்காது என்பதே அந்த மறுப்பு. நில உறவும் சாதியும் பின்னிக் கிடக்கும் இந்த மாவட்டங்களில் அக மதிப்பீட்டு மதிப்பெண்ணை வைத்து மிரட்டுவது வெறும் கற்பனை அல்ல. மனிதத் தீர்ப்பு விலைபோகும் என்பதற்கும் அண்மைய எச்சரிக்கை இருக்கிறது. 2017 ஏப்ரல்-மே செமஸ்டரில் அண்ணா பல்கலைக்கழகத்தில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட மறுமதிப்பீட்டு விண்ணப்பங்கள் குவிந்தன. பணம் வாங்கிக்கொண்டு மதிப்பெண் கூட்டப்பட்டது என்ற குற்றச்சாட்டில், 2018 ஆகஸ்டில் லஞ்ச ஒழிப்புத் துறை, முன்னாள் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் உள்ளிட்ட 10 பேர் மீது வழக்குப் பதிந்தது. குற்றச்சாட்டு பிட்டு வைத்த மாணவர் மேல் இல்லை. பிட்டு வைத்தவரைத் தண்டிக்கும் அலுவலகத்தின் மேலேயே விழுந்தது. ஆகவே தனி ஆசிரியரின் விருப்பத்துக்கு இதை விட முடியாது என்பதை முழுமையாக ஏற்கிறேன். ஒருவருக்குப் பதில் மூவர், அவர்களில் ஒருவர் வெளிக் கல்லூரியிலிருந்து, கேட்ட கேள்விகளும் சொன்ன பதில்களும் எழுத்தில், முடிவுக்கான காரணம் மாணவர் கையில், மேல்முறையீட்டுக்கு ஒரு வாசல். ஆய்வேட்டுக்கென்று 2018 விதி வகுத்த மூவர் குழுவை ஒட்டி இப்படி ஓர் அமைப்பு இளங்கலை மாணவருக்கும் கிடைத்தால் போதும். சாதி பார்ப்பவர் எழுத்தில் காரணம் எழுத வேண்டி வந்தால் திணறுவார். இயந்திரத்திடம் காரணம் கேட்கவே முடியாது.

மூன்றாவதாக, இரக்கத்திலிருந்து வரும் வாதம். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த பிள்ளைகள். நாற்று நடவுக்கும் அறுவடைக்கும் போய்விட்டு வந்து படிப்பவர்கள். கொஞ்சம் கண்டும் காணாமல் விட்டால் என்ன? இந்த இரக்கம் யாருக்கு உதவுகிறது என்று யோசிக்க வேண்டும். பத்து ஏக்கர் நஞ்சை உள்ள வீட்டுப் பிள்ளைக்குப் பட்டம் மதிப்பிழந்தாலும் நிலம் இருக்கிறது. கூலி வேலை செய்யும் வீட்டுப் பிள்ளைக்குச் சான்றிதழ் ஒன்றுதான் சொத்து. ப்ராஜெக்ட் சென்டரில் பல ஆயிரம் கொடுத்து வாங்கக்கூடியவரும் அந்தக் கூலித் தொழிலாளியின் மகள் அல்ல. காசில்லாதவர் பிட்டு வைக்கிறார், காசுள்ளவர் ஆய்வேடு வாங்குகிறார். நாம் முதலாமவரை மட்டும் பிடிக்கிறோம். இரக்கம் காட்ட வேண்டிய இடம் தண்டனையின் அளவு. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் 1842-ல் தொடங்கிய நன்னடத்தை முறையில், குற்றம் நிரூபணமானால் வெளியேற்றம் என்ற ஒரே தண்டனைதான் நெடுங்காலம் இருந்தது. 2022-ல் மாணவர்களே வாக்களித்து, அதை இரண்டு செமஸ்டர் விலக்காகக் குறைத்தார்கள். குற்றத்தைக் குற்றம் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வர வழி வைப்பது, கண்டும் காணாமல் விடுவதிலிருந்து முற்றிலும் வேறானது.

தண்டனையை இன்னும் கடுமையாக்கச் சட்டம் வரட்டும் என்று காத்திருப்பதும் வீண். 2024 ஜூன் 21-ல் நடைமுறைக்கு வந்த மத்தியப் பொதுத்தேர்வு முறைகேடு தடுப்புச் சட்டம் யு.பி.எஸ்.சி., ரயில்வே, வங்கி, தேசியத் தேர்வு முகமை போன்றவை நடத்தும் தேர்வுகளுக்கானது. வினாத்தாளைக் கசியவிடும் கும்பல்களைக் குறிவைப்பது. கல்லூரி செமஸ்டர் தேர்வு அதன் எல்லைக்குள் இல்லை. அது நல்லதும்கூட, ப்ராஜெக்ட் வாங்கிய மாணவர் காவல் நிலையத்துக்குப் போக வேண்டியவர் அல்ல. மானியக் குழு தன் தவறான தூண்டுதல்களைத் தானே திருத்திய முன்னுதாரணமும் இருக்கிறது. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியிட்டே தீர வேண்டும் என்ற கட்டாயம், காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்களை வளர்த்தது. 2018 மே மாதம் அங்கீகரித்த பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்க வேண்டியிருந்தது. 2022 விதிமுறையில் அந்தக் கட்டாயமே எடுக்கப்பட்டது. ஒரு விதியைத் தளர்த்தியதால் ஒரு மோசடிச் சந்தையின் காரணம் போயிற்று.

டெல்டாவில் இதை நாளையே தொடங்கக்கூடிய கல்லூரிகள் இருக்கின்றன. தஞ்சை மன்னர் சரபோஜி அரசுக் கல்லூரியும் கும்பகோணம் அரசு ஆடவர் கலைக் கல்லூரியும் தன்னாட்சி பெற்றவை; வினாத்தாள், மதிப்பீடு, முறைகேட்டு விசாரணை எல்லாம் அவற்றின் கையில்தான் இருக்கின்றன. சென்னையின் அனுமதிக்குக் காத்திருக்காமல், தேர்வுக் குழுவில் ஒரு தீர்மானம் போட்டே முதுகலை ப்ராஜெக்டுக்கு உண்மையான வாய்மொழித் தேர்வைக் கட்டாயமாக்கலாம். கூடவே ஒன்று செய்யலாம். 2011-ல் ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில், திருத்திய விடைத்தாளைப் பார்க்கும் உரிமை தேர்வருக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது, தேர்வு முறையே நொறுங்கிவிடும் என்று வாரியங்கள் அஞ்சின. அப்படி எதுவும் நடக்கவில்லை. அதே திறந்த தன்மை முறைகேட்டுக் குழுவுக்கும் வர வேண்டும். ஒவ்வொரு செமஸ்டர் முடிவிலும், மாணவர் பெயரில்லாமல், எத்தனை புகார் வந்தது, எத்தனை தேர்வறைப் பிட்டு, எத்தனை வாங்கிய ப்ராஜெக்ட், எத்தனை பேர் விசாரணையில் விடுவிக்கப்பட்டார்கள், யாருக்கு எந்தக் காரணத்தால் எவ்வளவு தண்டனை என்று ஒரே ஒரு தாளை அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும். வாங்கிய ப்ராஜெக்ட் என்ற வரிசையில் தொடர்ந்து பூஜ்யம் வந்தால், அந்தத் துறையில் எல்லோரும் நேர்மையானவர்களா அல்லது யாரும் கேள்வி கேட்கவில்லையா என்று துறைத்தலைவர் கல்விக் குழுவில் எழுந்து விளக்கம் சொல்லட்டும்.